டூட்டி அன்னிக்கு வேண்டாம்

கண்டக்டர் மேல கோச்சுக்காதீங்க தம்பி. அந்தப் பெரியவர் ஒண்ணுக்குப் போகணும், வண்டிய நிறுத்துங்கன்னாரு. "திண்டுக்கல்ல போய்க்கலாம், உட்காருங்க"ன்னுட்டாரு கண்டக்டர். நீங்க பெரியவருக்காகப் பரிஞ்சு பேசினீங்க, அது உங்க நல்ல மனசு. ஆனா அந்தத் தோள்பையும் விசிலும் வச்சிருக்கறவன் பாடு அவனுக்குத்தான் தெரியும். ஒருத்தருக்கு நிறுத்தினா ஒம்பது பேரு இறங்குவாங்க. இறங்கினதுல ஒருத்தன் பீடியப் பத்த வைப்பான், ஒருத்தன் போன்ல பேசுவான். பத்து நிமிஷம் போச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா, இதே ராஜபாளையம் கோயம்புத்தூர் ரூட்ல இருபத்தாறு வருஷம் நான்தான் விசில் ஊதினேன். பேரு குருவையா. இப்ப ரிட்டயர்டு.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க. வெயில் உங்க மூஞ்சில அடிக்குது.

ஒண்ணுக்குன்னதும் எனக்குப் பெத்துராஜ் ஞாபகம் வந்துருச்சு. என் டிரைவர். என் டிரைவர்னா, வண்டியில நானும் அவனும் பத்தொம்பது வருஷம் ஒரே ஜோடி. டிப்போவுல டிரைவரை மாத்துவாங்க, கண்டக்டரை மாத்துவாங்க, எங்களை மட்டும் பிரிச்சதில்ல. பிரிச்சா நான் விட்டாத்தானே? காலைல அஞ்சே முக்காலுக்கு வண்டிய எடுப்போம். சாயங்காலம் வரைக்கும் அவன் முதுகு எனக்குத் தெரியும், என் விசில் அவனுக்குத் தெரியும். என் பொண்டாட்டிகூட நான் அத்தனை மணி நேரம் இருந்ததில்ல. அவன் என்னைய மச்சான்ம்பான். அவன் வீட்டுக்காரி அழகுத்தாய்க்கு நான் அண்ணன். அவன் மக நாகஜோதிக்கு மாமா. காது குத்துக்கு என் மடியிலதான் வச்சுக் குத்தினாங்க.

அந்த அழகுத்தாய்தான் தம்பி, இன்னைக்கு நான் தெருவுல நடந்தா எந்திரிச்சு உள்ள போயிக் கதவைச் சாத்துறா. வர்ற பங்குனி வந்தா பெத்துராஜ் போயி ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா ஒரு வாய்த் தண்ணி கிடையாது, ஒரு வாங்கண்ணே கிடையாது. நான் என்ன செஞ்சேன்? அவனுக்கு நான் செஞ்ச மாதிரி கூடப்பிறந்தவன் செஞ்சிருப்பானா? கேளுங்க, கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

முதல்ல கால் வீங்குச்சு. டிரைவருக்குக் கால் வீங்காம என்ன செய்யும்? நாள் முழுக்கத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கான். பூட்ஸ் போட முடியலன்னான், செருப்புப் போட்டு ஓட்டுன்னேன். விரலை வச்சு அமுக்கினா குழி அப்படியே நிக்கும். நான்கூட விளையாட்டுக்கு அமுக்கிப் பாத்துட்டு, "என்னடா, பரோட்டா மாவு மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சிருக்கேன். அப்புறம் இருமல். டீசல் புகைக்கு இருமத்தான செய்யும்? அப்புறம் பாருங்க, கோயம்புத்தூர்ல எங்களுக்குத் தங்கற ரூம் உண்டு, காலைல நான் எந்திரிச்சுப் பாத்தா இவன் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தமேனிக்குத் தூங்குறான். "படுத்தா யாரோ நெஞ்சுல ஏறி உட்கார்ற மாதிரி இருக்கு மச்சான்"னான். கேஸ்னு சொன்னேன். ஓமத்தண்ணி வாங்கிக் குடுத்தேன். உப்புப் போட்டு எலுமிச்சை சோடா குடுத்தேன். தினம் குடுத்தேன் தம்பி, என் கையால.

ஒருநாள் டிரைவர் கதவைப் பிடிச்சு ஏறினவன், பாதிப் படியில நின்னுட்டான். நிக்கறான், நிக்கறான், ஏற மாட்டேங்கறான். நான் ரெண்டு தடவை விசில் ஊதுறேன். திரும்பிப் பாத்து, "இரு மச்சான், மூச்சு வரட்டும்"னான். மூணு படி ஏறுறதுக்கு மூச்சு வாங்குறவன் அம்பத்தஞ்சு பேரை இழுத்துக்கிட்டுப் போகணும். அன்னிக்குத்தான் எனக்கே பக்குன்னுச்சு.

மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். நாகஜோதியும் வந்தா. ஈசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தாங்க. அப்புறம் எக்கோன்னு ஒண்ணு. இருட்டு ரூம்ல படுக்க வச்சு, நெஞ்சுல பசை மாதிரி தடவி, ஒரு கருவியை வச்சு அமுக்கி டி.வி.யில பாக்கறாங்க. நானும் உள்ள போய்ட்டேன், யாரும் தடுக்கல, காக்கிச் சட்டைக்கு ஒரு மரியாதை உண்டு. அவன் இதயத்தை நான் பாத்தேன் தம்பி. கறுப்பா ஒரு பை. அது அடிக்குதுன்னு சொல்ல முடியாது. லேசா அசையுது, தூக்கத்துல புரண்டு படுக்கறவன் மாதிரி.

சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையாச் சொன்னாங்க. "ஹார்ட் ஃபெயிலியர்"னாங்க. எனக்கு உயிரே போச்சு. எங்க பாஷையில ஃபெயிலியர்னா வண்டி நடுரோட்டுல நின்னு போறது. "இதயம் நின்னு போச்சா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "நின்னுருந்தா உங்க நண்பர் எப்படி உட்கார்ந்திருப்பாரு? நிக்கல. பம்ப் பண்ற சக்தி குறைஞ்சு போச்சு. நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ள இருக்கற ரத்தத்துல நூத்துக்கு அறுபது பங்கை வெளிய தள்ளும். இவருக்கு இருபத்தெட்டுதான் தள்ளுது. தள்ள முடியாம தேங்குது. அந்தத் தண்ணி காலுக்கு இறங்குது, நுரையீரல்ல கோர்த்துக்குது. படுத்தா மூச்சு முட்டறது அதனாலதான்"னாங்க. எனக்கு நல்லாப் புரிஞ்சுச்சு. பெத்துராஜுக்குத்தான் புரியல, முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். வெளிய வந்து நான்தான் அவனுக்கு விளக்கினேன்.

"எப்பவோ ஒரு மாரடைப்பு வந்துட்டுப் போயிருக்கு, கவனிக்காம விட்டுருக்கீங்க"ன்னும் சொன்னாங்க. அது எனக்கு ஒத்துக்கல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால உடுமலையில ஒருநாள் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வேர்த்துக் கொட்டினான், அது உண்மை. ஆனா அது கேஸ். நான் சோடா வாங்கிக் குடுத்தேன், பெருசா ஒரு ஏப்பம் விட்டான், வண்டிய எடுத்துட்டோம். மாரடைப்புன்னா ஏப்பம் வருமா?

மாத்திரை எழுதினாங்க. பிரஷரைத் தளர்த்த ஒண்ணு, துடிப்பை நிதானப்படுத்த ஒண்ணு, இன்னும் ரெண்டு மூணு. எல்லாத்துக்கும் மேல நீர் பிரியற மாத்திரை, காலைல ஒண்ணு. அது உடம்புல தேங்கின தண்ணியெல்லாம் ஒண்ணுக்காப் போக வைக்கும். "இது ஒருநாளும் தவறக்கூடாது. நல்லா இருக்கற மாதிரி இருந்தாலும் நிறுத்தக்கூடாது. உப்பைக் குறைங்க. தண்ணி, காப்பி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான். காலைல எந்திரிச்சதும் எடை பாருங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே வாங்க. ஒழுங்கா இருந்தா பல வருஷம் இருக்கலாம், இதயமும் கொஞ்சம் தேறும். மூணு மாசம் வண்டி ஓட்டக்கூடாது, திரும்ப எக்கோ பாத்துட்டுத்தான் சொல்லுவேன். உங்க ஆபீஸ்ல சொல்லிருங்க"ன்னாங்க.

ஆபீஸ்ல சொன்னா என்ன ஆகும்? உங்களுக்குத் தெரியாது. அன்ஃபிட்டுன்னு எழுதி ஸ்டியரிங்கைப் பிடுங்கிருவாங்க. டிப்போ கேட்ல ஒரு ஸ்டூல் போட்டு, போற வண்டி வர்ற வண்டி நம்பரை எழுதுன்னு உட்கார வச்சிருவாங்க. பெத்துராஜ் ரோட்டுக்காகவே பிறந்தவன் தம்பி. மழையில கணவாய்ப் பாதையில ஓட்டினா, பின்சீட்ல பிள்ளைக்குப் பால் குடுக்கற பொம்பள நிமிர்ந்து பாக்க மாட்டா, அப்படி ஓட்டுவான். "கேட்ல உட்கார்றதுக்கு நான் செத்துப்போறேன் மச்சான்"னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதான். அம்பத்தாறு வயசு ஆம்பள. எனக்கும் தாங்கல. அவனைக் கேட்ல போட்டா என்னைய வேற எவன்கூடவாவது போடுவாங்க. கடைசி ரெண்டு வருஷ சர்வீஸ், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் முதுகைப் பாத்துக்கிட்டா நான் போறது?

எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் இருந்தாரு. மஞ்சக்காமாலைன்னு சர்ட்டிபிகேட் வாங்கினேன். ஒரு மாசம் லீவு. அந்த ஒரு மாசம் அழகுத்தாய் அவனைப் பாத்துக்கிட்டது இருக்கே, அதைச் சொல்லியே ஆகணும். உப்பில்லாக் குழம்பு. அவளும் அதையே சாப்பிட்டா. ஒரு சொம்புல கோடு போட்டுத் தண்ணி. தினம் காலைல எடை. கால் வத்திருச்சு, இருமல் போச்சு, படுத்துத் தூங்கினான். ஒரு மாசத்துல பழைய பெத்துராஜ். அப்புறமென்ன, ஆளு சரியாயிட்டான்னு டூட்டிக்கு வந்துட்டோம். அழகுத்தாய்க்குப் பயம். "டாக்டர் மூணு மாசம்னாங்களேண்ணே"ன்னா. "நான் கூட இருக்கேன்ல, என்னை மீறி என்ன ஆயிரும்?"னேன். அவ சரின்னுட்டா. என் வார்த்தைன்னா அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இப்ப வருது பாருங்க விஷயம்.

அந்த நீர் மாத்திரையைக் காலைல போட்டா, ரெண்டு மூணு மணி நேரத்துக்குச் சும்மா விடாது. வீட்ல இருந்தா எந்திரிச்சுப் போகலாம். ஸ்டியரிங்ல உட்கார்ந்தவன் எங்க போவான்? திருமங்கலம் வர்றதுக்குள்ள ஒரு தடவை நிறுத்துவான். மதுரை பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவை. வாடிப்பட்டி தாண்டி, கருவேலமரத்துப் பக்கம் ஒரு தடவை. முதல் நாள் ஜனங்க பொறுத்தாங்க. ரெண்டாவது நாள் முணுமுணுத்தாங்க. நாலாவது நாள் ஒருத்தன், டிப்டாப்பா டிரஸ் போட்டவன், "டிரைவர் குடிச்சிருக்கானா? வண்டி ஓட்ட வந்தானா கக்கூஸ் போக வந்தானா?"ன்னு போன்ல படம் புடிச்சுக்கிட்டே கேக்கறான். நான் சண்டைக்குப் போனேன். பெத்துராஜ் வண்டிய எடுத்தான். மறுநாள்ல இருந்து நிறுத்துறதில்ல. அடக்கிக்கிட்டே ஓட்டினான்.

அடக்கினா நிக்குமா? ஒருநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி நுழைஞ்சு நின்னுருச்சு. எல்லாரும் இறங்குறாங்க, இவன் இறங்கல. ஜாடையா என்னைக் கூப்பிட்டான். போய்ப் பாத்தா, காக்கிப் பேண்ட் முழுக்க நனைஞ்சிருக்கு. சீட்டும் நனைஞ்சிருக்கு. அவன் என் மூஞ்சியப் பாக்கல, முன் கண்ணாடியவே பாத்துக்கிட்டிருக்கான். எனக்கு என்ன தோணுச்சோ, என் தண்ணி பாட்டிலைத் தொறந்து அப்படியே அவன் மடியில கவுத்துட்டு, "ஐயையோ, கை தவறிருச்சுப்பா, மன்னிச்சுக்க"ன்னு நாலு பேருக்குக் கேக்கற மாதிரி கத்தினேன். அவன் என் கையப் பிடிச்சுக்கிட்டான். விடவே மாட்டேங்கறான். அந்தப் பிடி இன்னும் இருக்கு இங்க, இந்த மணிக்கட்டுல.

அன்னிக்கு ரூம்ல உட்கார்ந்து நான் யோசிச்சேன். எனக்கு டூட்டி சார்ட் போட்டுப் பழக்கம், டிப்போவுல யாருக்கு எப்ப ரெஸ்ட்டுன்னு சந்தேகம் வந்தா எங்கிட்டதான் வருவாங்க. எங்களுக்கு ரெண்டு நாள் டூட்டி, போக ஒருநாள் வர ஒருநாள், மூணாவது நாள் ரெஸ்ட். நான் சொன்னேன்: "மாப்ள, மாத்திரைக்கும் உனக்கும் ஒரே ஷிப்டு போட்டா வண்டி ஓடாது. டூட்டி அன்னிக்கு வேண்டாம். ரெஸ்ட் அன்னிக்கு வீட்டுலதான இருக்க, அன்னிக்கு சேர்த்துப் போட்டுக்க. கணக்கு நேராயிரும்ல?" அவன் என்னையே பாத்தான். "டாக்டரம்மா தவறக்கூடாதுன்னாங்களே மச்சான்"னான். "தவறச் சொல்லலியேடா, தள்ளித்தான போடச் சொல்றேன்"னேன். அந்தத் துடிப்பு மாத்திரையும் லேசா அசத்துதுன்னான். அதையும் டூட்டி அன்னிக்கு நிறுத்திரு, ஸ்டியரிங்ல தூங்கிட்டா அம்பது குடும்பம்னேன். தப்பா? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

அழகுத்தாய்கிட்ட சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணினோம். பொம்பளைங்க பயப்படுவாங்க. அவ டூட்டிக்குக் கிளம்பும்போது மாத்திரையை நாளுக்கு ஒரு பொட்டலமாத் தாள்ல மடிச்சு, மேல கிழமை எழுதிக் குடுப்பா. அதை வாங்கி நான் என் பைக்குள்ள வச்சுக்குவேன். ரெஸ்ட் அன்னிக்கு அவன்கிட்டத் திருப்பிக் குடுத்துருவேன். ஒரு மாத்திரை தொலைஞ்சதில்ல.

அது வேலை செஞ்சுச்சு தம்பி! நம்ப மாட்டீங்க. ரெஸ்ட் அன்னிக்கு ரெண்டு மூணு சேத்துப் போட்டான்னா காலெல்லாம் சப்புன்னு வத்திரும். கெண்டைக்கால்ல இழுப்பு வருது, எந்திரிச்சா தலை சுத்துதுன்னான், அது ஒருநாள் கூத்துதான். மறுநாள் ஜம்முன்னு வண்டிய எடுப்பான். ஒரு இடத்துல நிறுத்த மாட்டான். டைம் சொன்னா டைம். சாப்பாட்டுலயும் நான் கறார். ஊறுகாய நிறுத்தினேன், அப்பளத்த நிறுத்தினேன். பரோட்டா சால்னா மட்டும்தான் சாப்பிட விடுவேன், அதுல என்ன பெரிய உப்பு இருந்துறப்போகுது. பஸ் ஸ்டாண்டுல எடை மிஷின் வச்சிருக்கற ஆளுகிட்ட ஏத்தி நிறுத்துவேன். போன மாசத்துக்கு இந்த மாசம் மூணு கிலோ கூடியிருந்தான். எடை கூடினா வாங்கன்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கு, ஆனா யாராவது எடை கூடினதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? இளைச்சாத்தான பயப்படணும்? "தேறிட்டடா மாப்ள"ன்னு பால்கோவா வாங்கி ஊட்டி விட்டேன்.

இப்படி நாலு மாசம் ஓட்டினோம். அப்புறம் தைப்பூசம் வந்துச்சு.

பூசத்துக்குப் பழனி ரோடு எப்படி இருக்கும்னு தெரியும்ல? ரெண்டு பக்கமும் பச்சை வேட்டி பாதயாத்திரைக் கூட்டம். ஸ்பெஷல் பஸ் விடுவாங்க, ஒருத்தனுக்கும் ரெஸ்ட் கிடையாது. தொடர்ந்து ஆறு நாள் டூட்டி. ஆறு நாள் டூட்டின்னா, எங்க சார்ட்படி ஆறு நாள் மாத்திரை கிடையாது. மூணாவது நாளே கால் முட்டி வரைக்கும் வீங்கிருச்சு. நாலாவது நாள் பேசும்போதே நடுவுல நிறுத்தி மூச்சு வாங்குறான். அஞ்சாவது நாள் காலைல, வண்டியில ஏறுறதுக்கு முன்னால, என்கிட்ட வந்து கேட்டான். கெஞ்சிக் கேட்டான்னு சொல்ல மாட்டேன், சாதாரணமாத்தான் கேட்டான். "மச்சான், இன்னைக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கட்டுமா?"

"இந்தக் கூட்டத்துல எங்கடா நிறுத்துவ? இன்னும் ஒருநாள் பல்லைக் கடிச்சுக்க. நாளான்னைக்கு ரெஸ்ட், மொத்தமாப் போட்டுக்கலாம்"னேன்.

சரி மச்சான்னான். அவன் எப்பவுமே அப்படித்தான், நான் சொன்னா சரி மச்சான்.

மறுநாள், ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு ஏழு எட்டு கிலோமீட்டர். மத்தியானம். நான் பின்னால டிக்கெட் போட்டுக்கிட்டிருக்கேன். வண்டி மெதுவாகுது. இடது பக்கம் ஒதுங்குது. கூட்டத்துல ஒருத்தர் மேல உரசல, ஒரு காவடி ஆடல, அப்படிக் கொண்டுபோய் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைச்சான். நான் விசில் ஊதலியே, ஏன் நிறுத்துறான்னு முன்னால போனேன். ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கான். வாயில நுரை, லேசா ரோஸ் நிறத்துல. உள்ள தண்ணி கொதிக்கற மாதிரி சத்தம் நெஞ்சுல. அறுபத்திரண்டு பேரு இருந்தாங்க அன்னிக்கு வண்டியில, ஒருத்தருக்கு ஒரு கீறல் இல்ல. அதை யாராவது எழுதினாங்களா? ஒரு பேப்பர்ல போட்டாங்களா?

நூத்தியெட்டுல நான்தான் கூடப் போனேன். பழனியில ஊசி போட்டு, ஆக்சிஜன் வச்சு, அங்கிருந்து மதுரைக்கு. அதே டாக்டரம்மா. அழகுத்தாயும் நாகஜோதியும் ஓடி வந்தாங்க. மூணாவது நாள் அவனுக்குப் பேச்சு வந்ததும் டாக்டரம்மா கேட்டாங்க, "மாத்திரை நிறுத்தினீங்களா பெத்துராஜ்?" நான் கட்டில் பக்கத்துல நிக்கறேன். அவன் என்னைப் பாக்கல. "ஆறு நாளா மறந்து போச்சும்மா"ன்னான். "ஆறு நாளும் மறந்துருச்சா?" "ஆமாம்மா, பூசக் கூட்டம். மறந்துட்டேன்." எனக்கு ஆச்சரியம். அவன் எதையும் மறக்கற ஆளில்ல தம்பி, பத்து வருஷத்துக்கு முன்னால ஏறின பாசஞ்சரை ஞாபகம் வச்சிருப்பான். எதுக்குப் பொய் சொல்றான்னு யோசிச்சேன். டிபார்ட்மென்ட்டுக்குத் தெரிஞ்சிரும்னு பயந்திருப்பான், வேற என்ன.

மறுபடி எக்கோ. பதினாலுன்னாங்க. இருபத்தெட்டுல இருந்தது பதினாலு. வராண்டாவுல வச்சு டாக்டரம்மா எங்ககிட்ட சொன்னாங்க, "மாத்திரையைத் தவறாம எடுத்திருந்தா அதுவே போதுமா இருந்திருக்கும். இப்ப இதுக்கு மேல ஏத்த எங்ககிட்ட பெருசா ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கஷ்டமில்லாமப் பாத்துக்குங்க." அழகுத்தாய் அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லணுமே. எனக்கு டக்குன்னு ஞாபகம் வந்துச்சு. பையத் தொறந்து, அந்த ஆறு பொட்டலத்தையும் எடுத்து அவ கையில குடுத்தேன். "கவலப்படாதம்மா, ஒண்ணும் வீணாகல, எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன்"னேன்.

அவ அதை வாங்கி மடியில வச்சா. ஒவ்வொரு பொட்டலமா எடுத்து, அவ எழுதின கிழமையப் படிச்சா. திங்கள், செவ்வாய், புதன். படிச்சு முடிச்சுட்டு என்னை நிமிர்ந்து பாத்தா. அன்னிக்கு மூடின வாய்தான் தம்பி.

வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. நான் தினமும் போவேன், வாசல்ல நாகஜோதி நிப்பா. "அப்பா தூங்குறாரு மாமா." எப்பப் போனாலும் தூங்குறாரு. சாஞ்சு உட்கார்ந்துக்கிட்டு இருமுற சத்தம் தெருவுக்குக் கேக்கும், தூங்குறாரும்பா. ஒரே ஒரு நாள் ஜன்னல் வழியா அவன் என்னைப் பாத்துட்டான். கையத் தூக்கினான். நானும் தூக்கினேன். ரூட்ல எதிர் எதிர் வண்டியில போனா டிரைவருங்க கையத் தூக்கிக்குவாங்கல்ல, அந்த மாதிரி. யாரோ ஜன்னலைச் சாத்திட்டாங்க. பங்குனி கடைசில போயிட்டான். கேட்டுல உட்காரல. அவன் நினைச்ச மாதிரியே ஒருநாள்கூட கேட்டுல உட்காராமப் போயிட்டான். அதாவது நடந்துச்சேன்னு நான் மனசைத் தேத்திக்கறேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். என்னை உள்ள கூப்பிடல. பந்தலுக்கு வெளிய நின்னுக்கிட்டே இருந்தேன். டிப்போ ஆளுங்க எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிட்டு என்னைத் தாண்டிப் போறாங்க. கடைசில நாகஜோதி வந்தா. என் மடியில காது குத்தின பிள்ளை. "அம்மா உங்களைப் பாக்க மாட்டாங்க மாமா. போயிருங்க"ன்னா. "நான் என்னம்மா செஞ்சேன்? நீயாவது சொல்லும்மா"ன்னு கேட்டேன். அவ அழுதுக்கிட்டே சொன்னா, "சொல்லக்கூடாது மாமா. அப்பா எங்கிட்டயும் அம்மாகிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு. 'உன் மாமன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவன் தாங்க மாட்டான்'னாரு."

என்னத்தச் சொல்லக்கூடாதுன்னு கேக்கறதுக்குள்ள உள்ள போயிட்டா.

என்கிட்ட மறைக்க அவன்கிட்ட என்ன தம்பி இருந்துச்சு? பத்தொம்பது வருஷம். கோயம்புத்தூர்ல வேற தொடுப்பு ஏதும் இருந்துருக்குமா? அதுக்கு வழியே இல்ல, நான்தான் கூடவே இருந்தேனே. வேற ஏதும் பெரிய நோவு இருந்து டாக்டரம்மா அவன்கிட்ட மட்டும் சொல்லியிருப்பாங்களோ? இருக்கலாம். எத்தனையோ யோசிச்சுப் பாத்துட்டேன். அதுக்குத்தான் இப்படி ரிட்டயர்டு பாஸை வச்சுக்கிட்டு வாரத்துக்கு மூணு தடவை ஏறி உட்கார்றேன். பக்கத்துல உட்கார்ற ஆளுகிட்ட எல்லாம் கேக்கறேன். போன வாரம் ஒரு டீச்சரம்மா, கடைசி வரைக்கும் நல்லாக் கேட்டாங்க, கேட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பினவங்கதான். அதுக்கு முன்னால ஒரு போலீஸ்காரர் எந்திரிச்சுப் பின்சீட்டுக்குப் போயிட்டாரு. ஒருத்தர்கூட வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க.

நீங்களும் தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க பாருங்க. வேண்டாம், நீங்க ஒருத்தராவது நிமிர்ந்து என் மூஞ்சியப் பாருங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல, பொய்யா இருந்தாலும் பரவால்ல. நான் நினைக்கற அது இல்லாம, வேற ஏதாவது ஒண்ணு சொல்லுங்க தம்பி.